சிவப்பு ஒயின் குடிப்பவருக்கு எந்த பீர்?

சிவப்பு ஒயின் மட்டுமே குடிக்கும் ஒருவரை பீர் பக்கம் இழுக்க நினைப்பவர்கள் வழக்கமாக இரண்டில் ஒன்றைத்தான் நீட்டுவார்கள். கறுப்பாக இருக்கிறதே என்று கின்னஸ், இல்லையென்றால் ‘கிராஃப்ட் பீர்’ என்ற பெயருக்காக ஒரு ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்). இரண்டுமே எடுபடாது. கின்னஸ் டிராஃப்டுக்கு நிறத்தில் மட்டும்தான் கனம். ஆல்கஹால் 4.2%தான்; நைட்ரஜன் நுரையை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது மெலிந்த பீர். 13.5% ஒயினுக்குப் பழகிய நாக்குக்கு அது நீர்த்துப்போனதாகவே தெரியும். ஐ.பி.ஏ.வில் சிக்கல் வேறு. அதன் உயிரே ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு. ஒயின் குடிப்பவருக்குத் துவர்ப்பு தெரியும், புளிப்பு தெரியும். இந்த அளவுக் கசப்பு மட்டும் அவருக்குப் பழக்கமே இல்லை. முதல் மடக்கிலேயே கண்ணாடியைக் கீழே வைத்துவிடுவார்.

அதனால் நிறத்தை விட்டுவிட்டு, அவருக்கு ஒயினில் பிடித்தது எது என்று கேட்க வேண்டும். வாயை நனைக்கும் புளிப்பா, ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பா, பழமா, ஓக் பீப்பாயின் மணமா, தொண்டையில் இறங்கும் சூடா? இவை ஐந்தையும் ஒருசேரத் தரும் பீர் கிடையாது. இரண்டு அல்லது மூன்றை நன்றாகத் தருபவை உண்டு. எந்த இரண்டு, எந்த மூன்று என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

ஒயினுக்கும் பீருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் எண்ணிக்கையில் பார்த்துவிடலாம். சிவப்பு ஒயினின் பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) பொதுவாக 3.3 முதல் 3.8 வரை, சாதாரண பீருக்கு 4.0 முதல் 4.5 வரை. அதாவது வழக்கமான பீரில் ஒயின்காரர் எதிர்பார்க்கும் புளிப்பே இல்லை. துவர்ப்பில் இடைவெளி இன்னும் பெரிது. திராட்சைத் தோலும் விதையும் வாரக்கணக்கில் ஊறுவதால் சிவப்பு ஒயினில் துவர்ப்பைத் தரும் பாலிஃபீனால்கள் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் சேர்கின்றன. பீரில் சில நூறு மில்லிகிராம் இருந்தாலே அதிகம். பாக்கை மென்றதும் நாக்கு உலர்ந்து சுருங்குவது போன்ற அந்தப் பிடிப்பை எந்த பீரும் முழுதாகத் தராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. துவர்ப்பு மிகுந்த கேபர்நே சோவின்யோன் ஒயின் மட்டுமே குடிப்பவரைத் திருப்திப்படுத்துவதுதான் இந்த விஷயத்தில் மிகக் கடினம். துவர்ப்பு குறைந்த பினோ நுவார் குடிப்பவர் பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டவர்.

முதலில் பார்க்க வேண்டியது ஃபிளாண்டர்ஸ் சிவப்பு

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் உருவான இந்த பீர் வகைதான் சிவப்பு ஒயினுக்கு மிக அருகில் வருகிறது. ரூசலார ஊரில் 1821-இல் தொடங்கிய ரோடன்பாக் மதுவாலை இதன் அளவுகோல். அங்கே நின்றவாக்கில் 294 ஓக் பீப்பாய்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் பல்லாயிரம் லிட்டர் கொள்ளும், சில நூறாண்டைத் தாண்டியவை. சாதாரண ஈஸ்டுடன் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்டும் சேர்ந்து பீரை இரண்டு ஆண்டு வரை மெல்ல மாற்றுகின்றன. பீப்பாய் இவ்வளவு பழையதாகவும் பெரிதாகவும் இருப்பதால் மரத்திலிருந்து வெனிலா மணம் இறங்குவதில்லை. மரம் செய்யும் வேலை, மிகச் சிறிதளவு காற்றை உள்ளே விடுவது மட்டும். அந்தக் காற்றால்தான் புளிச்செர்ரி, பிளம், லேசான வினிகர் சாயல் எல்லாம் வருகின்றன. ஸ்பெயினின் ரியோஹா ஒயினின் ஓக் மணத்தை விரும்பும் ஒருவர் இதில் அதைத் தேடினால் ஏமாறுவார். பிரான்சின் பர்கண்டி ஒயினின் புளிப்பையும் பழத்தையும் தேடுபவர் ஏமாற மாட்டார்.

கசப்பும் இங்கே ஒரு தடையே இல்லை. ஐ.பி.யு. என்ற கசப்பு அளவில் இந்த வகை 10 முதல் 25-க்குள் நிற்கும், ஐ.பி.ஏ. 40-இல் தொடங்கி 70 வரை போகும்.

ரோடன்பாக்கிலேயே எதை எடுப்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். ரோடன்பாக் கிளாசிக்கில் நான்கில் மூன்று பங்கு இளம் பீர், ஒரு பங்குதான் பீப்பாயில் கிடந்தது. 5.2% ஆல்கஹால், வெயில் நேரத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் ஒயின்காரருக்கு இலேசு. கிராண்ட் குரு அப்படியே தலைகீழ்: மூன்றில் இரண்டு பங்கு இரண்டாண்டு பீப்பாயில் முதிர்ந்தது, 6%. ஆழமும், இனிப்பு நிற்காத வறட்சியும் அதில்தான் இருக்கின்றன. ஒரே ஒரு சீசாதான் வாங்க முடியும் என்றால் இதை வாங்குங்கள்.

இதன் நேரடிப் போட்டி, விஃக்டெ ஊரின் வெர்ஹாகெ மதுவாலை தரும் டஷெஸ் டி பூர்கோன். 1482-இல் குதிரையிலிருந்து விழுந்த காயத்தால் இறந்த பர்கண்டி இளவரசி மேரியின் பெயர் அது. லேபிளில் இருப்பதும் அவரே. இதுவும் முதிர்ந்ததும் இளசுமான பீர்களின் கலவைதான், 6.2%. ஆனால் வாயில் வேறு ஆள். இனிப்பு தூக்கலாக வரும், பின்னால் பால்சாமிக் வினிகர் போன்ற கூர்மை. இனிப்புச் சாயலுள்ள சிவப்பு ஒயின்களை விரும்புபவருக்கும், புளிப்பு பீரை முதல்முறை குடிப்பவருக்கும் டஷெஸ் சுலபமாக இறங்கும். கியாந்தி, பர்கண்டி போன்ற வறண்ட ஒயின்கள் குடிப்பவருக்கு இரண்டாவது கண்ணாடியில் அந்த இனிப்பு திகட்டும். அவருக்கு ரோடன்பாக் கிராண்ட் குருதான்.

இந்த வகையில் குறையுள்ள சீசாவை எப்படிக் கண்டுபிடிப்பது? லேசான வினிகர் வாசம் இயல்பு. நகப்பூச்சு நீக்கி போல மூக்கைத் துளைத்தால் எத்தில் அசிடேட் என்ற வேதிப்பொருள் அளவு மீறிவிட்டது. அது நேரம் கொடுத்தாலும் சரியாகாது. தொண்டை எரிந்தால் அசிட்டிக் அமிலம் லாக்டிக் அமிலத்தை மிஞ்சிவிட்டது என்று பொருள். லாக்டிக் புளிப்பு தயிர்ப் புளிப்பு, நாக்கில் நிற்கும். அசிட்டிக் புளிப்பு தொண்டைக்கும் மூக்குக்கும் ஏறும். இந்த வேறுபாடு பிடிபட்டால் இந்த வகை பீரைத் தரம் பிரிப்பது எளிது.

பக்கத்து உறவு ஒன்றையும் சொல்ல வேண்டும். அவுடனார்ட ஊரின் லீஃப்மான்ஸ் கூடன்பாண்ட், 8%. ஓக் பக்கமே போகாத பழுப்பு பீர். புளிப்பு குறைவு, காரமல் அதிகம். புளிப்பு பீர் என்றாலே தயங்குபவருக்கு நடுவழி.

செர்ரி ஊறிய லாம்பிக்

பிரஸ்ஸெல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில், குளிர்காலத்தில் மட்டும், ஈஸ்டே சேர்க்காமல் காற்றில் இருக்கும் நுண்ணுயிர்களால் நொதிக்க விடும் பீர் லாம்பிக். ஹாப்ஸ் போடுவார்கள், ஆனால் அதை ஆண்டுக்கணக்கில் பழசாக்கிவிட்டுப் போடுவதால் கசப்பு போய்விடும், பாக்டீரியாவை அடக்கும் குணம் மட்டும் மிஞ்சும். பி.எச். அளவு ஒயினின் எல்லைக்குள் வந்துவிடும். இதில் புளிச்செர்ரியை மாதக்கணக்கில் ஊறவைத்தால் க்ரீக். போன் மதுவாலையின் அவுடெ க்ரீக்கில் லிட்டருக்கு 400 கிராம் செர்ரி; காந்தியோன் க்ரீக்கில் சுமார் 200 கிராம். கொட்டையோடு ஊறுவதால் பாதாம் வாசம் ஒன்று மெல்ல எழும், தோலிலிருந்து கொஞ்சம் துவர்ப்பும் கிடைக்கும். பீரில் ஒயினைப் போன்ற துவர்ப்பு வேண்டுமென்றால் பழத்தோல்தான் நேர்வழி; அதைத் தருவதில் க்ரீக் முன்னணி.

வாங்கும்போது லேபிளில் ‘அவுடெ’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்புப் பெற்ற பெயர் அது: முழுக்க லாம்பிக்காக இருக்க வேண்டும், சீசாவுக்குள் மறுபடி நொதிக்க வேண்டும். அந்தச் சொல் இல்லாத க்ரீக்குகளில் பல சர்க்கரையோ பழச்சாறோ சேர்த்து இனிப்பாக்கியவை. லின்டெமான்ஸ் க்ரீக் அப்படிப்பட்டது, 3.5%. அது மோசமான பானமல்ல. இனிப்பான லாம்புருஸ்கோ ஒயின் குடிப்பவர் சந்தோஷமாகக் குடிப்பார். ஆனால் போஜோலே, பார்பேரா போன்ற வறண்ட ஒயின் குடிப்பவருக்கு அதைக் கொடுத்தால் ‘பழச்சாறா இது?’ என்பார், அவுடெ க்ரீக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரெட்டனோமைசிஸ் தரும் குதிரைலாய வாசம், ஈரத் தோல் வாசம் எல்லாம் லாம்பிக்கில் இயல்பாக இருக்கும். ஒயின் உலகில் அதையே பலர் குறையாகப் பார்க்கிறார்கள். பழைய பாணி ரோன் ஒயின்களைச் சுவைத்தவருக்கு அது புதிதல்ல, சிரித்துக்கொண்டே குடிப்பார். சுத்தமான, பழம் பளிச்சிடும் புதுயுக ஒயின் குடிப்பவர் சீசா கெட்டுவிட்டது என்று நினைப்பார். ஊற்றும் முன்பே சொல்லிவிடுங்கள்.

காந்தியோன் செயின்ட் லாம்வினுஸ் என்றொரு பீர் உண்டு; லாம்பிக்கில் மெர்லோ திராட்சையை ஊறவைத்தது. ஒயினா பீரா என்ற கேள்விக்கே இடமில்லாமல் இரண்டுமாக இருக்கும். கிடைப்பது அபூர்வம். கண்ணில் பட்டால் விடாதீர்கள், ஆனால் அதற்காகக் காத்திருந்து முதல் அறிமுகத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

டூபெல், குவாட்ரூபெல்: சூடும் உலர்பழமும்

புளிப்பே வேண்டாம், ஷிராஸ், ஜின்ஃபாண்டல், அமரோனே போன்ற கனத்த, பழுத்த ஒயின்கள்தான் பிடிக்கும் என்பவருக்குப் பாதை வேறு. டிராப்பிஸ்ட் என்ற கிறிஸ்தவத் துறவிகளின் மடங்களிலும், அவர்கள் பாணியில் வெளியிலும் செய்யும் இருண்ட பீர்கள்; டூபெல் இளையது, குவாட்ரூபெல் (சுருக்கமாகக் குவாட்) பலம் கூடியது. உலர்திராட்சை, அத்தி, பேரீச்சை, பிளம்: இந்த மணங்களைக் கேண்டி எனப்படும் கறுத்த பெல்ஜியச் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்து தருகின்றன; பழம் எதுவும் போடுவதில்லை. சர்க்கரை போட்டதால் இனிக்கும் என்று பயப்படத் தேவையில்லை. ஈஸ்ட் அதை ஏறக்குறைய முழுதாகத் தின்றுவிடும்; மணம் இனிப்பைச் சொல்லும், முடிவு வறண்டிருக்கும். முளைகட்டிய பார்லியான மால்டிலேயே முழுக்க இந்த பலத்தைக் கொண்டுவர முயலும் ஜெர்மனியின் டாப்பல்பாக் வகை நாக்கில் ரொட்டி போல் கனப்பதும், டூபெல் கனக்காததும் இதனால்தான்.

வெஸ்ட்மல்லெ டூபெலும் ஷிமே சிவப்பும் 7%. மெர்லோ குடிப்பவருக்கு வெஸ்ட்மல்லெ சரியான தொடக்கம்; ஷிமே சிவப்பு கொஞ்சம் மெலிந்தது. அதற்கு மேலே ரோஷ்ஃபோர் 8. பெயரில் எட்டு, ஆல்கஹால் 9.2%. ரோஷ்ஃபோர் 10-இல் 11.3%. வாட்டூ ஊரின் செயின்ட் பெர்னார்டுஸ் ஆப்ட் 12-இல் 10%. எண்ணைப் பார்த்து ஆல்கஹால் அளவு என்று நினைத்துவிடக் கூடாது. ரோஷ்ஃபோர் 10 அமரோனேவுக்கும் போர்ட்டுக்கும் நடுவில் நிற்கும் பீர். அதையே முதல் சீசாவாகக் கொடுப்பது அவசரம். எட்டுதான் சமநிலை கூடியது, ஒரு சீசாவை அலுக்காமல் முடிக்க முடியும்.

ஷிராஸின் மிளகு வாசத்துக்காகவே அதைக் குடிப்பவர் இருந்தால் ஜெர்மனியின் ஷ்னைடர் அவென்டினுஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். 8.2% கோதுமை பீர். கிராம்பு வாசம் அந்த ஈஸ்ட் தருவது. வாழைப்பழ வாசமும் கூடவே வரும். அது பிடிக்காதவர்களும் நிறையப் பேர்.

கேபர்நே குடிப்பவருக்கு என்ன செய்வது?

துவர்ப்பு வேண்டும், கறுத்த பழம் வேண்டும், ஓக்கும் வேண்டும். இங்கே இரண்டு வழிகள். இரண்டிலும் ஓர் ஓட்டை உண்டு.

முதல் வழி இம்பீரியல் ஸ்டவுட் என்ற பலம் கூடிய கறுப்பு பீர். வறுத்த பார்லியின் பிடிப்பு வாயை உலர்த்தும், தூரத்திலிருந்து பார்த்தால் ஒயினுக்குத் துவர்ப்பு தரும் டானின் போலவே இருக்கும். ஆனால் கூடவே காப்பி, கறுப்பு சாக்லேட் கசப்பும் வரும். இந்த வகையின் ஐ.பி.யு. 50-லிருந்து 90 வரை. காப்பியைச் சர்க்கரை இல்லாமல் குடிக்கும் கேபர்நேகாரர் என்றால் கவலையில்லை. அமெரிக்காவின் நார்த் கோஸ்ட் தரும் ஓல்ட் ராஸ்புடின், 9%, நல்ல உதாரணம். இலங்கையின் லயன் ஸ்டவுட்டும் இந்தப் பட்டியலில் வரும், 8.8%, வெப்பநாட்டு ஸ்டவுட்களில் உலகப் பெயர் பெற்றது. கசப்பு மட்டாகவும் இனிப்பும் சாக்லேட்டும் சற்றுத் தூக்கலாகவும் இருப்பதால் முதல்முறைக்கு ஓல்ட் ராஸ்புடினைவிட இதுவே பொருத்தம்.

இரண்டாவது வழி ஒயின் இருந்த பீப்பாயிலேயே முதிர்ந்த பீர். கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் மதுவாலை தரும் கான்செக்ரேஷன், கேபர்நே சோவின்யோன் பீப்பாயில் கறுப்பு கரண்ட் (பிளாக்கரண்ட்) பழத்தோடு மாதக்கணக்கில் கிடப்பது, 10%. அதே மதுவாலையின் சப்ளிகேஷன் பினோ நுவார் பீப்பாயில் புளிச்செர்ரியோடு, 7%. ரோடன்பாக்கின் பெரிய பழைய பீப்பாய்களைப் போலல்லாமல் இவை சிறியவை; மரத்தில் ஊறிய ஒயினும், கொஞ்சம் டானினும், வெனிலாவும் பீருக்குள் இறங்கும். சுவையில் கேபர்நேக்கு இதைவிட அருகில் போவது கஷ்டம். ஓட்டை என்னவென்றால், இதுவும் புளிப்பு பீர். புளிப்பு பிடிக்காததால்தான் கேபர்நே குடிக்கிறேன் என்பவருக்கு இது உதவாது. அவரை ஸ்டவுட் பக்கம் அனுப்புங்கள்.

இத்தாலியில் திராட்சைச் சாற்றை மால்டோடு சேர்த்து நொதிக்க வைக்கும் ஒரு மரபும் வளர்ந்திருக்கிறது. சார்டினியாவின் பார்லி மதுவாலை, கானோனாவ் திராட்சைச் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்து ஸ்டவுட்டில் சேர்த்துச் செய்யும் பிபி10 அதில் பேர்போனது.

வீணாக வாங்க வேண்டாதவையும் சில. ஐரிஷ் ரெட் ஏல் நிறத்தில் மட்டும் சிவப்பு, சுவை டாஃபி. ஆல்கஹாலுக்காக ‘ஸ்ட்ராங்’ என்று விற்கும் 8% லாகர்களில் சூடு இருக்கும், பழமும் இருக்காது, புளிப்பும் இருக்காது.

ஊற்றும் விதம்

சரியான சீசாவை வாங்கிவிட்டு ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு திறந்தால் எல்லாம் பாழ். 4 டிகிரியில் ரோஷ்ஃபோர் வெறும் ஆல்கஹாலும் காஸுமாகத் தெரியும். புளிப்பு பீர் கத்தி போல் குத்தும். ஃபிளாண்டர்ஸ் சிவப்பும் க்ரீக்கும் 10 முதல் 12 டிகிரியில், குவாடும் ஸ்டவுட்டும் 12 முதல் 14-இல். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால், ஏசி அறையில் சுமார் அரை மணி நேரம். நம் ஊர் மே மாதத்தில் கால் மணி நேரமே தாராளம்.

கண்ணாடி பீர் மக்காக இருக்க வேண்டாம். வயிறு அகன்ற சிவப்பு ஒயின் கண்ணாடியே இவற்றுக்குப் போதும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றினால். சில பெல்ஜிய பீர்களில் ஒரு லிட்டருக்குள் மூன்று லிட்டர் வரை கார்பன் டை ஆக்சைடு அடைபட்டிருக்கும். அந்தக் காஸ் நாக்கில் குத்துவதையே ஒயின்காரர்கள் பெரும்பாலும் ‘பீர் பிடிக்காது’ என்று சொல்கிறார்கள். நடுக்கண்ணாடியில் சற்று உயரத்திலிருந்து ஊற்றி, நுரை அடங்கியதும் நான்கைந்து முறை சுழற்றி விடுங்கள். வாயில் காஸ் பாதியாகும், பழம் இரண்டு மடங்காகத் தெரியும். சீசா அடியில் ஈஸ்ட் வண்டல் படிந்திருக்கும். கடைசி ஒரு விரற்கடை பீரை சீசாவிலேயே விட்டுவிடுங்கள். வண்டல் விஷமல்ல, ஆனால் தெளிவும் போகும், மண் போன்ற கசப்பும் ஏறும். அதனால் சீசாவை வாங்கி வந்த நாளிலிருந்தே நிறுத்தி வைப்பது நல்லது.

நான்கு பேர் சேர்ந்து சுவைப்பதானால் 330 மில்லி சீசா ஒன்று தலைக்கு 80 மில்லி வரும். ஒரு வகையை எடைபோட அது போதும். முதலில் ரோடன்பாக், பிறகு அவுடெ க்ரீக், பிறகு டூபெல், கடைசியில் ஸ்டவுட். இனிப்பானதை முதலில் வைத்தால் அடுத்து வரும் புளிப்பு பீர் பல் கூசும்படி தெரியும், அதன் மேல் பழி விழும். நடுவில் தண்ணீரும் வெறும் ரொட்டியும் போதும். காரமான சுக்கா வறுவலை இந்த நேரத்தில் வைக்காதீர்கள்: மிளகாயின் எரிச்சலை ஆல்கஹாலும் காஸும் தூண்டிவிடும், பீர்களின் வேறுபாடு எதுவும் தெரியாது. சாப்பாட்டோடு என்றால், அந்தச் சுக்காவுக்கு 7% டூபெல் தாங்கும், 11.3% தாங்காது.

அளவுக்கணக்கையும் மறக்க வேண்டாம். 13.5% ஒயின் 150 மில்லியில் ஆல்கஹால் 20 மில்லி. 6% ரோடன்பாக் ஒரு சீசாவும் அதே 20 மில்லி. ரோஷ்ஃபோர் 10 ஒரு சீசாவில் 37 மில்லி. ‘ஒரு பீர்தானே’ என்று இரண்டு குடித்தவர் ஏறக்குறைய நான்கு கண்ணாடி ஒயின் குடித்திருக்கிறார்.

பாதி மீந்த சீசா பற்றியும் ஒயின்காரர் கேட்பார், ஏனென்றால் அவர் வழக்கம் அது. ஃபிளாண்டர்ஸ் சிவப்பையும் லாம்பிக்கையும் இறுக மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் காஸ் போயிருக்கும், சுவை நிற்கும். சிலருக்கு அப்போதுதான் இன்னும் ஒயின் போலப் பிடிக்கும். டூபெலும் குவாடும் தட்டையாகிவிடும். அவற்றை ஃபிளாண்டர்ஸ்காரர்கள் மாட்டிறைச்சிக் குழம்பில் ஊற்றி மூன்று மணி நேரம் மெல்லிய தீயில் விடுவார்கள், ஆட்டிறைச்சிக்கும் பொருந்தும். ஐ.பி.ஏ. மீந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், குழம்பு வற்ற வற்றக் கசப்பு ஏறிக்கொண்டே போகும்.